பலெர்மோக் கடன்

அருள்நாயகம் தரவேண்டியிருந்தது பதினெட்டு இலட்சத்து நாற்பதாயிரம் லீரா.

தொகையைக் கேட்டதும் ஆட்கள் வாயைப் பிளப்பார்கள். பிறகு சச்சிதானந்தன் இருந்து விளங்கப்படுத்த வேண்டும். இத்தாலியில் அந்த நாளில் ஒரு கோப்பிக்கே ஆயிரத்துச் சொச்சம் லீரா கொடுக்கவேண்டும், இலட்சம் என்ற பேச்சைக் கேட்டு மயங்கக்கூடாது. ஆனாலும் அது சும்மா வந்த காசல்ல. பலெர்மோ நகரத்தில் இரண்டு வருடம் ஆர் ஆருடையவோ வீடுகளில் நிலம் துடைத்து, கிழவர்களுக்குச் சட்டை மாற்றிவிட்டு, கனடாவுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனுக்குக் கட்டவென்று சேர்த்து வைத்த காசு. அருள்நாயகம் அதே அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன். கொழும்பில் அவனுடைய தம்பியைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. வெளியில் எடுக்கக் காசு வேண்டும் என்று கட்டிலில் குந்தியிருந்து அழுதான். "ரெண்டே ரெண்டு மாசம் அண்ணை" என்றான். சச்சிதானந்தன் தலையணை உறையைக் கழற்றிக் காசை எண்ணிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் இருபத்தேழு வருடம் ஆகிவிட்டது. காசு கட்டவில்லை என்று ஏஜென்சிக்காரன் அவரை விட்டுவிட்டு மற்றவர்களை ஏற்றிவிட்டான். அடுத்த வருடம் வேறொருவரிடம் வட்டிக்கு வாங்கித்தான் ரொறன்ரோ வந்து சேர்ந்தார். அந்த வட்டியை அடைக்க ஆறு வருடம் இரண்டு ரெஸ்ரோரன்ற்களில் கோப்பை கழுவினார். இடையில் ஐரோப்பாக்காரர் லீராவையே இல்லாமல் பண்ணிவிட்டார்கள். கடன் மட்டும் லீராவிலேயே நின்றது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விடிய முன்னமே, டோர்செட் பார்க்கில் அவர் இருக்கிற மாடிக் கட்டடத்தின் வாசலில் அன்ரனெற் வானைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பிறம்ரனில் உறைய வைத்த பீற்சா செய்கிற பக்டரியில் இரண்டு பேருக்கும் வேலை. அவள் பெட்டி மடிக்கிறவள். அவர் லைனின் கடைசியில் நின்று பெட்டிகளைத் தூக்கிப் பலகையில் அடுக்குகிறவர். முந்தி வாரத்தில் ஐந்து நாள் வேலை இருந்தது. கோடை முடிந்ததும் மூன்று நாளாகக் குறைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் வேண்டும் என்று சுப்பவைசர் கேட்டபோது, முழங்கால் இரண்டும் வேண்டாம் என்று சொல்ல, வாய் ஓம் என்றது.

"அப்ப இண்டைக்குத்தானே அண்ணை உங்கட இத்தாலி வசூல்?" என்றாள் அன்ரனெற், சிவப்பு விளக்கில் நின்றபடி.

"வசூல் எண்டு சொல்லாதையும் தங்கச்சி. எங்கட காசு."

"யூரோவிலை எவ்வளவு வரும்?" அவள் போனை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். "தொள்ளாயிரத்து ஐம்பது யூரோ. மிச்சம் இருபத்தெட்டுச் சதம். இவ்வளவுதானே? நீங்கள் இலட்சம் இலட்சமெண்டு சொல்ல நான் வீடு வாங்கப் போறியளாக்கும் எண்டு நினைச்சன்."

"ரோட்டைப் பாத்து ஓடும்."

அந்தக் காசு இப்போது எதற்கு என்பது அன்ரனெற்றுக்கும் தெரியும். சச்சிதானந்தனின் மகள் துவாரகா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கிறாள். ஒரு தவணையை வெளிநாட்டில் படிக்கலாம் என்று விட்டார்கள். இடங்களின் பெயர்களைக் கொடுத்தபோது அவள், அப்பா இருந்த ஊராமே என்று பலெர்மோவைத் தெரிவுசெய்தாள். அறை வாடகையை நான் தருவேன் என்று சச்சிதானந்தன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி விமானம் ஏற்றினார். அது ஐந்து நாள் வேலை இருந்த காலத்துப் பேச்சு. இப்போது இரண்டு மாத வாடகை நிலுவை. திங்கட்கிழமை பின்னேரத்துக்குள் எழுநூற்று அறுபது யூரோ வைக்காவிட்டால் அறையைக் காலி பண்ணு என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். கிறடிட் கார்ட் இரண்டும் முட்டிப்போய்க் கிடந்தன. புதன்கிழமை மகள் அழாக்குறையாக எடுத்துச் சொன்னபோதுதான் அவருக்கு அருள்நாயகத்தின் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பதும் சரியில்லை. அது எப்போதும் இருந்தது.

"சோ ஓக்வேட் அப்பா" என்றாள் துவாரகா. "ஆரெண்டே தெரியாத ஆளிட்டைப் போய்க் காசு தாங்கோ எண்டு கேக்கிறதோ?"

"ஆரெண்டு தெரியும். அருள்நாயகம். சச்சி அண்ணையின்ர மகள் எண்டு சொல்லு, போதும். தொகையையும் சொல்லு."

"சண்டே நாங்கள் பீச்சுக்குப் போக பிளான். செரீனா, மார்த்தா எல்லாரும். ரெண்டு கிழமையா இதை மட்டும்தான் கதைக்கிறம்."

"போற வழியிலை வாங்கிக்கொண்டு போ."

அவர் கொடுத்த பழைய நம்பரை அவள் அடித்துக் கேட்டிருக்கிறாள். அருள்நாயகம் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். "ஞாயிறு காலமை மலைக்கு வாங்கோ பிள்ளை. இறங்கி வந்து வீட்டிலை சாப்பிடலாம். காசை ஆயத்தப்படுத்தி வைக்கிறன்" என்றாராம். இதைக் கேட்டபோது சச்சிதானந்தனுக்குக் கோபம்தான் வந்தது. ஒரு சொல்லில் தரக்கூடியவன் இவ்வளவு காலமும் எங்கே போயிருந்தான்?

பக்டரிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். அலுமாரியில் பூட்டிவிட்டு, தலைக்கு வலைத் தொப்பியும் கைக்கு உறையும் போட்டுக்கொண்டு உள்ளே போனால் பிறேக்குக்குத்தான் வெளியில் வரலாம். உள்ளே குளிர். மூக்கு நுனி முதலில் விறைக்கும், பிறகு விரல்கள், பிறகு எதுவும் தெரியாது. பெல்ட்டில் பெட்டிகள் வந்துகொண்டேயிருக்கும். குனிந்து எடு, திரும்பு, அடுக்கு. பலகை நிறைந்ததும் போர்க்லிப்ட்காரன் வந்து தூக்கிக்கொண்டு போவான். ஒரு மூச்சு விடலாம். அந்த மூச்சுக்குள் அடுத்த பெட்டி வந்துவிடும். அவர் பலெர்மோவில் என்ன நேரம் என்று நினைத்துப் பார்த்தார். அங்கே பகல். பெண்பிள்ளைகள் மலையில் ஏறியிருப்பார்கள்.

முதல் பிறேக்கில் போனைத் திறந்தபோது படங்கள் வந்து குவிந்திருந்தன. வளைந்து வளைந்து ஏறுகிற கல் பதித்த பாதை. கீழே துறைமுகம், கப்பல்கள். மூன்று பெண்பிள்ளைகள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள்: நடுவில் துவாரகா, ஒரு பக்கம் மிசிசாகாவிலிருந்து இவளோடு படிக்கப் போன செரீனா, மற்றப் பக்கம் அந்த ஊர்ப் பிள்ளை மார்த்தா. அந்த மலை உச்சியில் ஒரு குகைக்குள் புனித ரொசாலியாவின் கோயில் இருக்கிறது. பலெர்மோத் தமிழர்கள், சைவமோ கிறிஸ்தவமோ, ஞாயிறு காலையில் ஏறுவார்கள். நேர்த்தி வைத்தவர்கள் செருப்பில்லாமல் ஏறுவார்கள். சச்சிதானந்தனும் ஏறியிருக்கிறார். கனடாவைக் கேட்டு ஏறினார். அருள்நாயகம் தம்பியைக் கேட்டு ஏறினான். இரண்டு பேருக்கும் கேட்டது கிடைத்தது, அவருக்கு மட்டும் ஒரு வருடம் பிந்தி.

குரல் செய்தி ஒன்றும் இருந்தது. துவாரகாவுக்கு மூச்சு வாங்கியது.

"அப்பா, திஸ் மவுண்டன் இஸ் நோ ஜோக். செரீனா ஹீல்ஸ் போட்டுக்கொண்டு வந்தவள். அருள் அங்கிள் வெறுங்காலோட ஏறுறார், எங்களை விட ஃபாஸ்ட். அவரிட்டை இன்னும் நான் காசைப்பற்றிக் கதைக்கேல்லை. அவர் எங்களுக்குத் தோடம்பழம் உரிச்சுத் தாறார். எப்பிடிக் கேக்கிறது?"

பின்னால் செரீனாவின் குரல்: "சொல்லு, உங்கட மகள் கடன்வசூல் செய்யப் போய் தோடம்பழம் தின்னுறாள் எண்டு சொல்லு."

கடைசிப் படத்தில் அருள்நாயகம் இருந்தான். தலையில் மயிரில்லை. ஒரு தோள் சரிந்திருந்தது. சச்சிதானந்தன் மனதில் வைத்துத் திட்டி வந்தவன் இருபத்தைந்து வயதுப் பெடியன். சுருட்டைத் தலை, மெல்லிய மீசை. திட்டுகளெல்லாம் அந்த முகத்துக்கு அளவெடுத்துத் தைத்தவை. இந்தக் கிழவனுக்கு அவை பொருந்தவில்லை.

"இவனோ அந்தக் கள்ளன்?" என்று அன்ரனெற் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"கள்ளனெண்டு நான் எப்ப சொன்னனான்?"

"போன கிழமை. வானுக்குள்ளை. ரெண்டு தரம்."

மணி அடித்தது. அவர் திரும்பப் போய் நின்றார்.

சாப்பாட்டுப் பிறேக் வந்தபோது முதுகு பலகையாகிவிட்டது. காசு வந்ததா இல்லையா என்று பார்க்கிற அவசரத்தில் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தார். துவாரகா எழுதியிருந்தாள், தமிழை இங்கிலிஷ் எழுத்தில். அங்கிள் காசு தந்துவிட்டார். என்வலப்பில் போட்டு, மஞ்சள் தடவி, இரண்டு கையாலும் தந்தார். எண்ணிப் பார்க்கச் சொன்னார். எல்லாம் பத்தும் இருபதுமான தாள்கள். இருபத்தெட்டுச் சதத்துக்கு அவருடைய மனைவி சமையலறை லாச்சியெல்லாம் இழுத்துத் திறந்து தேடினாராம்.

சச்சிதானந்தன் வாங்குப் பலகையில் இருந்தார். இந்தச் செய்தி வருகிற நாளில் தனக்கு எப்படி இருக்கும் என்று பல தரம் நினைத்துப் பார்த்திருக்கிறார். இப்போது வந்தது, இறுக்கமான சப்பாத்தைக் கழற்றியதுபோல ஒரு ஆறுதல், அவ்வளவுதான். நாளைக்கு வாடகை கட்டலாம். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார்.

அப்போது இன்னொரு படம் வந்தது.

ஒரு பழைய பிறிட்ஜ். அதன் கதவில் ஒட்டியிருந்த காந்தப் படத்தில், செம்மஞ்சள் சேலையும் தலை நிறையப் பூவுமாகப் பன்னிரண்டு வயதுத் துவாரகா. கீழே எழுதியிருந்தாள்: "வை ஆம் ஐ ஒன் ஹிஸ் ஃபிறிட்ஜ்? செரீனா சிரிச்சுச் சிரிச்சுச் சாகிறாள். அங்கிளிட்டைக் கேட்டால் ஒண்டும் சொல்லாமல் ரீ போடப் போயிட்டார்."

அந்தப் படத்தைச் சச்சிதானந்தனுக்கு நன்றாகத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன் துவாரகா பெரியபிள்ளையானபோது ஸ்காபரோவில் மண்டபம் எடுத்துச் சாமத்திய வீடு செய்தார்கள். வந்தவர்கள் போகும்போது கையில் ஒரு பலகாரப் பையும் அதற்குள் அந்தக் காந்தப் படமும் கொடுத்தார்கள். மண்டபத்துக்கு வந்தவர்களைத் தவிர வேறு ஆருக்கும் அது கிடைத்திருக்க வழியில்லை. பலெர்மோவில் ஒருவருக்கும் அவர் சொல்லவில்லை. அருள்நாயகத்துக்கு நிச்சயமாகச் சொல்லவில்லை.

அவர் சாப்பாட்டை மூடிவிட்டு வெளியில் வந்தார். வாகனத் தரிப்பிடத்தில் காற்று முகத்தில் அறைந்தது. அன்ரனெற்றின் வான் ஓரமாக ஒதுங்கி நின்று மனைவி பாலேஸ்வரிக்குப் போன் எடுத்தார்.

பாலேஸ்வரியின் ஞாபகம் பேர்போனது. எந்த விசேஷத்தில் ஆர் எவ்வளவு என்வலப்பில் வைத்தார்கள் என்பது அவள் தலைக்குள் இருக்கும். மாடிக் கட்டடத்துப் பெண்கள் தங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்ததையும் அவளிடம்தான் கேட்டுச் சரிபார்ப்பார்கள்.

"இஞ்சேரும், துவாரகாவின்ர சாமத்திய வீட்டுக்கு இத்தாலியிலயிருந்து ஆர் வந்தது?"

"இதென்ன வேலைக்கு நடுவில? சாப்பிட்டீங்களோ?"

"கேட்டதுக்குச் சொல்லும்."

"ஒருத்தரும் வரேல்லை. மகேஸ்வரன் அண்ணை ஒரு பெடியனிட்டை என்வலப் குடுத்துவிட்டவர். ஆயிரத்தைஞ்ஞூறு டொலர். பெயர் போடேல்லை. இத்தாலி எண்டு மட்டும் எழுதியிருந்தது."

மகேஸ்வரன் அவளுடைய பெரியப்பாவின் மகன். இத்தாலியின் வடக்கே பொலோஞ்ஞாவில் இருக்கிறார்.

"பெயர் போடாட்டில் மகேஸ்வரன் எண்டு எப்பிடித் தெரியும்?"

"இத்தாலியில எங்களுக்கு வேற ஆர் இருக்கினம்?"

சச்சிதானந்தன் போனைக் காதிலிருந்து எடுத்து அந்தப் பிறிட்ஜ் படத்தைத் திரும்பப் பார்த்தார்.

"என்ன, ஏன் கேக்கிறியள்?"

"மகேஸ்வரன் தானே தந்தவர் எண்டு எப்பவாவது வாயால சொன்னவரோ?"

"குடுத்ததை ஆரும் சொல்லிக் காட்டுவினமே? அவரின்ர மகளின்ர கலியாணத்துக்கு நாங்கள் திருப்பிச் செய்தனாங்கள்தானே. ஒரு நூறு கூட்டி ஆயிரத்து அறுநூறு. அதுக்கு நீங்கள் சனிக்கிழமையளும் வேலைக்குப் போனது மறந்துபோச்சோ?"

"அதை வாங்கிப்போட்டு அவர் என்ன சொன்னவர்?"

"'என்ன தங்கச்சி இவ்வளவு' எண்டார். 'நீங்கள் செய்ததைவிடவோ அண்ணை' எண்டு நான் சொன்னன். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டிட்டு, 'சரி சரி, சந்தோசம்' எண்டு வைச்சிட்டார்."

சொல்லும்போதே அவளுடைய குரல் மெல்ல இறங்கியது. மறுமுனையில் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது. அடுப்பை அணைக்கிற சத்தமும் கேட்டது.

"ஆர் தந்தது?" என்றாள்.

"அருள்நாயகம். எங்கட பிள்ளையின்ர படம் அவன்ர பிறிட்ஜில ஒட்டியிருக்கு."

"அப்ப நாங்கள் உங்கட கடன்காரன் தந்த காசுக்கு, மகேஸ்வரன் அண்ணைக்குத் திருப்பிச் செய்திருக்கிறம்."

"நூறு கூட்டி."

"அந்த மனிசனும் ஒரு வார்த்தை சொல்லேல்லையே, நான் தரேல்லை எண்டு." கொஞ்சம் பொறுத்து, அவள் வேறு குரலில் சொன்னாள்: "அப்பிடிப் பாத்தால், சாமத்திய வீட்டுக்கு வைச்சது பிள்ளைக்கு வைச்சது. கடன் எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. கடன் வேற, அது வேற."

சச்சிதானந்தனும் அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றார். அவள் சொல்லவேண்டும் என்று காத்துநின்றதுபோலவும் இருந்தது. காசு மகளின் கைக்கு வந்துவிட்டது. அருள்நாயகம் ஒரு கேள்வியும் கேட்காமல் தந்தான், என்வலப்பைப் பற்றி மூச்சும் விடவில்லை. பேசாமல் இருந்தால் நாளைக்கு வாடகை கட்டலாம், மிஞ்சியதில் பிள்ளை ஒரு நல்ல குளிர்ச்சட்டை வாங்கலாம். இரண்டு வருடம் நிலம் துடைத்தவன், ஒரு வருடம் பிந்தி வந்தவன், வட்டி கட்டியவன், தான் அல்லவா? ஒரு தரம் கூட வாங்கினால்தான் என்ன?

ஆனால் அந்தக் கிழமை ஞாபகத்துக்கு வந்தது. சாமத்திய வீடு முடிந்த கையோடு மூன்று நான்கு தரம் இத்தாலி நம்பர் ஒன்று போனில் விழுந்தது. பலெர்மோ நம்பர் என்றபடியால் அருள்நாயகம் என்று தெரிந்தது; நம்பரைக் குறித்தும் வைத்தார். சாட்டுச் சொல்லத்தான் எடுக்கிறான், அடிக்கட்டும் என்று மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு ருசி இருந்தது.

"உம்மட சொந்தத் தம்பி என்வலப்பில எவ்வளவு வைச்சவன்?" என்று கேட்டார்.

"இருநூறு."

"கண்ணால காணாத பிள்ளைக்கு ஆர் ஆயிரத்தைஞ்ஞூறு வைப்பினம்?"

பாலேஸ்வரி பெருமூச்சு விட்டாள். நீண்ட பெருமூச்சு. அவளுக்கும் வேலை. கிழமையில் நாலு நாள் ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிறாள்.

"நாளைக்கு வாடகை" என்றாள்.

"தெரியும்."

"துர்க்காவிட்டைக் கேக்கிறன். சீட்டை இந்த மாசம் கழிச்சு எடுக்கிறன்."

துர்க்கா அந்தக் கட்டடத்தில் சீட்டுப் பிடிக்கிறவள். கடைசி வரைக்கும் பொறுத்தால் முழுத்தொகை. இடையில் எடுக்கிறவர்கள் கழிவு விட்டுத்தான் எடுக்கவேண்டும். பாலேஸ்வரி கடைசிச் சீட்டுக்கென்று ஒரு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு கழிவு போகும்?"

"முந்நூறு, நானூறு போகும். உங்கட பல்லுக்கு எண்டு வைச்சது. இன்னும் கொஞ்ச நாளைக்கு மற்றப் பக்கத்தால சப்புங்கோ."

பிறேக் முடியப் பத்து நிமிடம்கூட இல்லை. அவர் வானின் கதவில் சாய்ந்துகொண்டு மகளுக்கு எடுத்தார்.

"அப்பா, இன்னும் அங்கிள் வீட்டிலதான். போக விடுறார் இல்லை. இது மூண்டாவது ரீ. செரீனா அஞ்சு றோல்ஸ் சாப்பிட்டிட்டாள். மார்த்தாவுக்கு அன்ரி சேலை கட்டிவிடுறா. பீச் ஓவர்."

"பிள்ளை, அந்தக் காசை அவரிட்டைத் திருப்பிக் குடு."

"வாட்?"

"திருப்பிக் குடு."

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? கேள் கேள் எண்டு கரைச்சல் குடுத்தது நீங்கள். நான் வெக்கத்தைவிட்டு வாங்கி வைச்சிருக்கிறன். ரூமுக்கு என்ன செய்யிறது? செரீனாவின்ர ரூமிலை நிலத்தில படுக்கிறதோ?"

"ரூம் காசு நாளைக்குக் காலமை வரும். அம்மா அனுப்புவா. அங்கிள் அந்தக் காசை எப்பவோ தந்திட்டார். எனக்குத்தான் தெரியேல்லை."

"எப்ப?"

"உன்ர சாமத்திய வீட்டிலை. பிறகு சொல்லுறன். போனை அவரிட்டைக் குடு."

கொஞ்ச நேரம் கதிரை இழுபடுகிற சத்தமும் பெண்பிள்ளைகளின் குசுகுசுப்பும் கேட்டன. பிறகு இருமல்.

"அண்ணை."

குரல் மாறவில்லை. அதே மூக்கால் வருகிற குரல். சச்சிதானந்தனுக்கு என்ன சொல்வதென்று ஒழுங்குபடுத்தி வைத்தது எல்லாம் கலைந்துபோயிற்று.

"ஏன்ரா சொல்லேல்லை?"

"எதை அண்ணை?"

"என்வலப்பை."

"பிள்ளையின்ர நல்ல காரியம் நடக்கிற இடத்தில, இது கடன்காசு எண்டு சொல்லிக் குடுக்கச் சொல்லுறதோ? ரொறன்ரோவில இருக்கிற எங்கட சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன்தான் விசேஷத்தை எனக்குச் சொன்னவன், படத்தையும் பிறகு அனுப்பினவன். பிறசன்ற் மாதிரி வை, அண்ணைக்கு விளங்கும் எண்டு அவனிட்டைச் சொல்லிவிட்டன்."

"எனக்கு விளங்கேல்லை. பெயரையாவது போட்டிருக்கலாமே."

"பெயரைப் போட்டால் மனிசி கண்டிருப்பா. நீங்கள் என்ர பெயரை வீட்டில பாலும் தேனும் தடவிச் சொல்லியிருக்கமாட்டியள்தானே. அதான் இத்தாலி எண்டு போட்டன். இத்தாலியில உங்களுக்கு என்னை விட்டால் ஆர்?"

"பாலேஸ்வரிக்குப் பொலோஞ்ஞாவில ஒரு அண்ணை இருக்கிறார்."

"ஓ" என்றான் அருள்நாயகம். கொஞ்சம் யோசித்தான். "அவருக்கோ போச்சு?"

"அவருக்குத்தான் போச்சு. நூறும் கூடக் குடுத்தம்."

மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

"உங்களுக்கு அப்ப போனும் எடுத்தனான் அண்ணை. நீங்கள் எடுக்கேல்லை."

"பாத்தனான். எடுக்கேல்லை."

"இப்ப பிள்ளை எடுத்து, பதினெட்டு இலட்சத்து நாற்பதாயிரம் எண்டு பாடம் மாதிரிச் சொல்ல எனக்கு விளங்கிச்சு. அண்ணை அதைப் பிள்ளைக்குச் செய்ததா எடுத்திட்டார், கடன் அப்பிடியே நிக்குது எண்டு. இல்லையெண்டு பிள்ளையோடை வாதாடுறதோ? பிந்தித் தந்தனான்தானே. வட்டி எண்டு நினைச்சுக் குடுத்தன்."

"உனக்கு ஏது இவ்வளவு காசு?"

"நான் பாக்கிற கிழவியின்ர மகளிட்டை அடுத்த மாசச் சம்பளத்தைக் கேட்டு வாங்கினன். அதை விடுங்கோ."

"விடேலாது. துவாரகா இப்ப உன்ர கையில தருவாள். வாங்கு."

"குடுத்ததை வாங்கிற பழக்கம் இல்லை அண்ணை."

"நீ வாங்காட்டில் இனி உன்ர நம்பர் வந்தால் நான் எடுக்கமாட்டன்."

"இப்ப மட்டும் எடுத்துத் தள்ளினீங்களோ?"

சச்சிதானந்தனுக்கு வாயில் சிரிப்பு வந்து, குளிரில் உதடு வெடித்து எரிந்தது. பக்டரிக் கதவைத் திறந்து அன்ரனெற் கையைக் காட்டினாள். ஆட்கள் உள்ளே போகத் தொடங்கிவிட்டார்கள்.

"நான் லைனுக்குப் போகவேணும். சொல்லு, வாங்கிறியோ இல்லையோ?"

"பிள்ளையின்ர வாடகை?"

"அது ஒழுங்காச்சு."

பின்னால் துவாரகாவின் குரல் கேட்டது: "அங்கிள், பிளீஸ், வாங்குங்கோ. இவர் விடமாட்டார். எனக்குத் தெரியும்." தாள் சரசரத்தது.

"வாங்கிட்டன் அண்ணை."

"எண்ணிப் பார்."

"உங்கட மகள். நான் எண்ணமாட்டன்." பிறகு, கொஞ்சம் தயங்கி, "அப்ப முடிஞ்சுதோ?" என்று கேட்டான்.

சச்சிதானந்தன் யோசித்தார். விட்டுவிட்டுப் போன அந்த ஏஜென்சிக்காரன், பிந்திய வருடம், வட்டி, ஆறு வருடம் கழுவிய கோப்பைகள், மேசையில் அடித்து அடித்து ஓய்ந்த போன், இவையெல்லாம் எந்தக் கணக்கில் வரும், ஆர் ஆருக்குத் தரவேண்டும் என்று பிரித்துப் பார்க்க முயன்றார். களைப்பாக இருந்தது. பிரிக்கப் பிரிக்க நீண்டுகொண்டே போகும்போல இருந்தது.

"முடிஞ்சுது" என்றார். "நீ எனக்கு ஒரு சதமும் தரத் தேவையில்லை. மனிசியிட்டையும் சொல்லு."

"சரி அண்ணை."

"பிள்ளையளை ஒருக்கா கடல் பக்கம் கூட்டிக்கொண்டு போ. பொழுதுபட முன்னம்."

போனை வைத்துவிட்டு அவர் உள்ளே போய், வலைத் தொப்பியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் இடத்தில் நின்றார். பெல்ட் ஓடத் தொடங்கியது.